புது வரவு அலமாரி

புத்தம் புதுப் புத்தகம். ஆனால் ஒரு பக்கத்தின் ஓரம் ஈரமாக இருந்தது.

கல்லூரி நூலகர் கேரல் கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்தப் பறவைகள் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டியபோது, பசையும் மையும் கலந்த வாசனைக்கு நடுவே கீழ்மூலை ஒன்று விரலில் ஒட்டியது. யாரோ எச்சில் தொட்டுப் புரட்டியதுபோல. அலமாரிச் சாவி அவள் கைப்பையை விட்டு வெளியே போனதில்லை.

அந்தக் கல்லூரி நூலகத்தில் மாதாமாதம் ஒரு வழக்கம் உண்டு. அந்த மாதத்துச் சிறப்பு நாட்களை அட்டைகளில் எழுதி அலமாரிக்குள் குத்துவார்கள். ஒவ்வோர் அட்டைக்குக் கீழும் பொருத்தமான புதுப் புத்தகம் ஒன்றை நிறுத்துவார்கள். மாதம் முடியும்வரை அது யாருக்கும் கிடைக்காது. இந்த நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவம், குழந்தைகள் தினம், நூலக வாரம். கேரல் இன்னொன்றையும் சேர்த்திருந்தாள். கல்லறைத் திருநாள்.

மகள் சோனியாவின் பெயரை எழுதத்தான் பேனாவை எடுத்தாள். வீட்டுத் துக்கத்தைக் கல்லூரி அலமாரியில் வைக்கக் கூச்சமாக இருந்தது. அதனால் பெயரில்லாமல், இறந்துபோன எல்லோருக்குமான நாள் என்று மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினாள். கீழே பறவைகள் புத்தகத்தை வைத்தாள். சோனியாவுக்குப் பறவை என்றால் உயிர்.

போன மழைக்காலத்தில் டைபாய்டு வந்து போய்ச் சேர்ந்தாள். பள்ளி விட்டதும் நேராக இங்கேதான் வருவாள். ஜன்னலோர மர ஸ்டூலில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுவாள்.

"எச்சில் பண்ணாதடி. நாலு பேர் படிக்கிற புக்கு."

"என் எச்சில் ஸ்வீட்டு மம்மி. எறும்பு வந்து படிச்சுட்டுப் போகட்டுமே."

ஈரத்தை முதலில் கண்டதற்கு மறுநாள் அது சில பக்கங்கள் தள்ளி இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் தள்ளி. யாரோ படித்துக்கொண்டே போகிறார்கள். கேரலுக்குப் பயம் வரவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்பே வந்து, அந்த ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு தூக்கம் வந்தது.

டிசம்பர் பிறந்தது. மற்ற அட்டைகளை மாற்றினாள். அந்த ஒன்றை மட்டும் எடுக்கவில்லை.

"இது ஏன் மேடம் இன்னும் தொங்குது?" கூட்டிக்கொண்டிருந்த லட்சுமம்மா கேட்டாள். "ப்ரின்சிபால் பார்த்தார்னா உங்க பேர்லயும் ஒரு தினம் கொண்டாடிடுவார்."

"இருக்கட்டும் லட்சுமம்மா."

"உங்க ஸ்டூடண்ட்ஸுக்கும் கொஞ்சம் சொல்லுங்க. நான் சாயங்காலம் நாற்காலியெல்லாம் ஒழுங்கா உள்ள தள்ளிட்டுத்தான் போறேன். காலையில வந்து பார்த்தா எல்லாம் வெளிய இழுத்துக் கிடக்கு. பூட்டின ரூம்ல யாரு வந்து உக்கார்றாங்களோ, தேவரே, சாமி."

"எல்லா நாற்காலியுமா?"

"எல்லாம்தான். அந்த ஜன்னல் ஸ்டூலைத் தவிர. அது வச்ச இடத்துலயே இருக்கு."

கேரலின் கை அலமாரிக் கதவில் அப்படியே நின்றது.

லட்சுமம்மா போன பிறகு நூலகத்தின் மற்ற அடுக்குகளிலிருந்த புத்தகங்களை எடுத்துப் பார்த்தாள். கணக்குப் பதிவியல். ஒப்பந்தச் சட்டம். கரிம வேதியியல். எல்லாவற்றிலும் ஈரம். பறவைகள் புத்தகத்தைத் திறந்து, ஈரத் தடத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். தடம் விரலைவிட அகலமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். எச்சில் வாசனை இல்லை. சோனியாவைப் புதைத்த அன்று, கல்பள்ளிக் கல்லறையில் குழி திறந்திருந்தபோது வந்த மண் வாசனை.

எல்லோருக்கும் என்று எழுதிய அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும்.

அன்று தூறல். நூலகத்தை மூடும் நேரத்திலேயே வெளிச்சம் மங்கிவிட்டது. தெருவில் ஆட்டோக்களின் ஹாரன், மாதா கோயில் மணி, எங்கோ ஒரு ஜெனரேட்டரின் உறுமல். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். கேரல் குண்டூசியைப் பிடித்து இழுத்தாள். பாதி வந்தது. அப்போது மின்சாரம் போனது.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. அவசரம் இல்லாமல், பரீட்சைக்கு முந்தைய நாள் பிள்ளைகள் வந்து உட்காருவதுபோல. பக்கங்கள் புரளத் தொடங்கின. ஒவ்வொரு புரட்டலுக்கும் முன்னால், நாக்கில் விரல் படும் மெல்லிய சத்தம். அறை முழுக்க மண் வாசனை.

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

ஸ்டூல் வைத்த இடத்திலேயே இருந்தது.

எல்லோரும் வந்துவிட்டார்கள். சோனியா மட்டும் வரவில்லை. ஒருநாளும் வந்திருக்கவில்லை. இப்போது அட்டையை எடுத்துவிட்டால் இனி வரவும் முடியாது.

கேரல் குண்டூசியைத் திரும்ப அழுத்தினாள். பறவைகள் புத்தகத்தை எடுத்தாள். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சோனியா."

பக்கங்கள் நின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில்.

"வாடி. எச்சில் பண்ணிக்கோ. மம்மி ஒண்ணும் சொல்லமாட்டேன்."

வெகுநேரம் ஒன்றுமில்லை. தூறல் மட்டும்.

பிறகு ஸ்டூல் நகர்ந்தது. மெல்ல. பாரம் ஒன்று இறங்கி உட்கார, அதன் மரக்கால்கள் முனகின.

சோனியா உட்காரும்போது அது ஒருநாளும் முனகியதில்லை.

வந்தது அவள் இல்லை என்று கேரலுக்குத் தெரிந்தது. ஆனாலும் புத்தகத்தை விரித்தாள். எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஸ்டூல் பக்கம் தள்ளினாள்.

இருட்டில் நாக்கில் விரல் படும் சத்தம்.

பக்கம் புரண்டது.