அனுமதிக்குக் காத்திருக்கும் பின்னூட்டங்கள்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு, மாடி அறையிலிருந்த கணினியில் ஒரு பின்னூட்டம் வந்தது: "கேட்ல பெயின்ட் இன்னும் காயலயே."

வலைப்பூக்களுக்கு இணையத்தில் இடம் கொடுத்துப் பராமரிக்கும் தொழிலை அக்காவும் தம்பியும் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வாடிக்கையாளர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருத்தி நர்ஸ். கணவனிடமிருந்து தப்பி ஓடிவந்து, வாங்கிய அடிகளைப் பற்றி எழுதிவந்தாள். தான் இருக்கும் இடம் யாருக்கும் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. அவளுக்கு வரும் பின்னூட்டங்களை அக்கா படித்து அனுமதித்த பிறகே வெளியாகும்.

ஜன்னல் வழியே தின்னர் வாடை வந்துகொண்டிருந்தது. காலையில்தான் தம்பி, வழுக்கையிலும் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு, தங்கள் கேட்டுக்குப் பச்சை அடித்திருந்தான். கீழே தண்ணீர் மோட்டாரின் இரைச்சலுக்கு மேலே அவனுடைய பாட்டு, சுருதியோடு எந்த ஒட்டுறவும் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸின் தளத்துக்கே அடுத்ததும் வந்தது: "மாடி ஜன்னல் திறந்திருக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது.

போனில் தம்பியைக் கூப்பிட்டு, நர்ஸின் தளத்தைப் பதிவு செய்தபோது எந்த விலாசம் கொடுத்தாய் என்று கேட்டாள்.

"நம்ம வீட்டுதுதான்க்கா. அவங்களோடத எதுக்கு வெளிய விடணும், பாவம்."

பதிவில் கொடுக்கும் விலாசத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்; அதை மறைக்கும் கட்டத்தில் டிக் அடித்தாயா என்றாள். பாட்டு நின்றிருந்தது.

"அடிச்சேனா... இரு, பெல் அடிக்குது."

"திறக்காதடா."

தாழ் விலகும் சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல், மரியாதையாக: "நீங்கதான் அவளோட புது ஆளா?"

ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல மூன்று முறை சத்தம். பிறகு தம்பியின் மூச்சு, கொழகொழவென்று. இணைப்பைத் துண்டிக்க அவளுக்குக் கை வரவில்லை.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

மாடிப்படியில் காலடி. அவசரமில்லாமல்.

கைப்பிடி திரும்பியது. அவள் முன்பே தாழிட்டிருந்தாள்.

"நான் அவ இல்லங்க," என்றாள்.

"தெரியும். அவ எங்க?"

திரையின் வலப்பக்கம் வாடிக்கையாளர் பட்டியல். நர்ஸின் வீட்டு எண், தெரு, மூன்றாம் மாடி. படித்துச் சொன்னால் போதும்.

போனில் மூச்சு நின்றது.

அந்த வரியை அழித்தாள். அதன் நகலையும் தேடி அழித்தாள்.

முதல் அடியில் கதவு விரிசல் விட்டது. இரண்டாவதில் பலகை பிளந்தது. ஒரு கை உள்ளே வந்தது. தாழைத் தடவியது. உள்ளங்கை முழுக்கப் பச்சை. விரல் நுனிகளில் சிவப்பு.

அந்த மாதம் பதினொரு வலைப்பூக்களில் ஒன்றுகூட ஒரு நிமிடமும் முடங்கவில்லை.