கழிவுப் பை

சாயங்காலம் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், அக்காக்காரி வார்டுக்குள் வந்ததும் நோயாளியின் மெஷினைக் கவனித்துக்கொண்டிருந்த மெஷின்காரர் திடுக்கிட்டுக் கட்டிலைப் பார்த்தார். படுத்திருந்தவளை அப்படியே உரித்து வைத்த முகம். இரட்டைப் பிள்ளைகள்.

தங்கையின் ரத்தமே அவளுடைய நுரையீரலைப் பகையாளி என்று நினைத்து அரித்துவிட்டிருந்தது. தொடையிலிருந்து ஒரு குழாய் கருத்த ரத்தத்தை இழுக்க, மெஷின் அதற்கு மூச்சேற்றிக் கழுத்து வழியாகத் திருப்பி அனுப்பியது. பக்கத்தில் இருந்த வடிகட்டி அந்தப் பகையை மட்டும் மஞ்சள் நீராகப் பிரித்து, கட்டிலடியில் தொங்கிய பைக்குள் இறக்கியது.

"பொழைச்சிடுவாளா அண்ணே?"

"பொழைக்காம? சொந்த வீட்டையே அடிச்சு நொறுக்குற ரவுடிம்மா அது. பிடிச்சுப் பையில போட்டாச்சு. ரெண்டு பொண்ணையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்புறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் போனாள். பையும் அந்தப் பக்கம் சாய்ந்தது. துருப்பிடித்த இரும்பு வாடை குப்பென்று ஏறியது. தரை சரிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பாவி மனுஷர், அப்போதே அவளை வெளியே தள்ளியிருக்க வேண்டாமா?

அவள் குனிந்தாள். "அண்ணே... இந்தப் பை துடிக்குது."

பை வெடித்தது.

மஞ்சள் நீர் அவள் முகத்தில் அறைந்தது. மறுகணம் அவளுடைய வலது கை அவள் கழுத்தையே பிடித்தது. இடது கை தடுக்க வந்தது. வலது கை அதன் விரல்களை ஒடித்துப் போட்டுவிட்டு மறுபடி கழுத்துக்கு ஏறியது.

மளுக். மளுக்.

அவள் உதைத்த உதையில் தங்கையின் குழாய் கழன்று, ரத்தம் கூரை வரை பீய்ச்சியது. மெஷின்காரர் பாய்ந்து குழாயை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்தார். விட்டால் தங்கை போய்விடுவாள்.

"அண்ணே... என் கையை... எடுங்க..."

"ஐயோ, யாராவது ஓடி வாங்க!"

நர்ஸுகள் வருவதற்குள் அக்கா வாய் நிறைய ரத்தம் கக்கி, தன் கையாலேயே நெரிபட்டு அடங்கிப்போனாள். அவர் குழாயை விடவேயில்லை. பிடித்தபடியே வாய்விட்டு அழுதார்.

நாலாம் நாள் தங்கைக்கு மூச்சு திரும்பியது. மெஷினை நிறுத்தினார்கள்.

"அக்கா எங்கண்ணே?"

அவர் பார்வையைக் கொக்கிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொக்கியில் புதுப் பை ஒன்று உறை பிரிக்காமல் தொங்கியது. அதற்குள் ஒரு சொட்டு மஞ்சள்.

பை மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது.

"அம்மா, உள்ள வராதீங்க!" என்று கத்தினார்.

தாய் வாசலிலேயே நின்றாள். செத்த மகளின் உடம்பைக் குளிப்பாட்டிய கை அவளுடையது.

"ஏன் தம்பி கத்துறீங்க? காலையிலேர்ந்து தொண்டையில என்னமோ புடிக்குது, அவ்வளவுதான்."

அவளுடைய வலது கை கழுத்தில் இருந்தது.