செடிக்கு ஊற்றிய தண்ணீர்

காலையில் ஊற்றிய தண்ணீர் தொட்டியில் இல்லை.

மால்சுன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்தது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

தோங்யோங் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடியின் ஆறாவது மாடியில், கண்ணாடி அடைத்த பால்கனியில் பதினோரு வருடமாக அவள் வளர்க்கும் செடி அது. ஆயிரங்காத மணம் என்று அந்த ஊரில் அதற்குப் பேர். பனியிலும் இலை உதிர்க்காது. பிப்ரவரியில் கிளை நுனிகளில் ஊதா மொட்டுகள் கொத்தாக விரிந்தால் மாடிப்படி வரை மணக்கும். ஆனால் முசுட்டுச் செடி. வேரைத் தொட்டால் பட்டுப்போகும், தண்ணீர் கூடினால் அழுகிவிடும். குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒரு கெண்டி தண்ணீர் போதும்.

இந்த வருடம் அது தினமும் ஒரு கெண்டி குடித்தது. பிறகு இரண்டு. இப்போது நான்கு. அழுகியிருக்க வேண்டிய செடி, எண்ணெய் தடவியதுபோல் இலைகள் மினுங்க, என்றுமில்லாத அளவுக்குப் பூத்து நின்றது.

அன்று அவள் கணவன் தோக்சுவின் முதல் வருடத் திதி. படையலுக்கு ஒத்தாசையாக நாத்தனார் ஓக்ஹீ ஒரு கூடை சிப்பியோடு மத்தியானமே வந்துவிட்டாள்.

"அம்மாடி, வாசம் மூக்கத் தொளைக்குதே! அண்ணனவிட இதத்தான் நல்லா கவனிச்சீங்களோ?"

மால்சுன் கையிலிருந்த கத்தி நின்றது.

"ஐயோ, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணி. மூணு வருஷம் வாய் பேச முடியாமக் கெடந்த மனுஷனுக்கு முதுகுல ஒரு புண்ணு வரல. உங்க கைய கண்ணுல ஒத்திக்கணும்."

சுவரில் குடியிருப்பு மகளிர் சங்கம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் சட்டத்துக்குள் தொங்கியது. முன்மாதிரி மனைவி. மால்சுன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. கழற்றி வைக்கவும் முடியவில்லை. ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால்?

முதுகில் புண் வராதது உண்மைதான். படுக்கை நனையாமல் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவருக்குத் தண்ணீர் கிடையாது, அவ்வளவுதான். ராத்திரியில் ஈரத்துணி மாற்ற அவளுக்கு இடுப்பில் தெம்பில்லை. அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்து ஒரு சத்தம் கொடுப்பார். தண்ணீர் என்று அர்த்தம். அவள் டிவியை உரக்க வைத்துவிட்டு, கெண்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவாள். அவர் அறைக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு மட்டும்தான். படுத்தபடியே அவர் பார்ப்பார், மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவதை. ஒருநாள்கூட அவள் திரும்பி அந்தக் கண்களைப் பார்த்ததில்லை.

"ஓக்ஹீ, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணி."

தொண்டைவரை வந்தது. நாத்தனாரின் முகம் அவ்வளவு நம்பிக்கையோடு நிமிர்ந்திருந்தது.

"சிப்பிய உப்புத்தண்ணியில அலசினியா?"

"ரெண்டு தடவ அலசிட்டேன்."

காது மடலெல்லாம் சுட்டது மால்சுன்னுக்கு.

ஐந்து மணிக்கு மேல் கடல் கறுத்து, படகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியபோது, பால்கனியிலிருந்து இனிப்பும் கிராம்புக் காரமும் கலந்த மணம் தண்ணீர்போலத் தரையோடு பரவி வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. அதோடு ஒரு சத்தம். மெல்ல. மடக், மடக் என்று.

கெண்டியை நிரப்பிக்கொண்டு ஓடினாள். ஊற்றினாள். மண் நனையவே இல்லை. நுரைகூட எழாமல் உள்ளே போனது. இன்னொரு கெண்டி. இன்னொன்று.

"குடிச்சுக்கோங்க," என்று முணுமுணுத்தாள். செடியிடம் 'ங்க' போட்டுப் பேசுகிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுக்களையிலிருந்து ஓக்ஹீயின் குரல். "அண்ணி, இன்னைக்கு நான் அண்ணன் ரூம்லயே படுத்துக்கறேன். தரை சுடுதான்னு பாத்துட்டு வரேன்."

"இரு, நான்..."

அறைக் கதவு திறக்கும் சத்தம். விளக்கு எரிந்தது. அந்த அறையில் ஒன்றுமில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே படுக்கை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் அவளே கட்டிக் கீழே குப்பையில் போட்டாள். வெறும் தரை. அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் மஞ்சள் தரை. அவ்வளவுதான்.



அறைக்குள்ளிருந்து ஓக்ஹீ, தயங்கித் தயங்கி, "அண்ணி... படுக்கைய நீங்க இன்னும் எடுக்கலியா?"

கெண்டி கையிலிருந்து நழுவியது.

"தெப்பமா நனைஞ்சிருக்கு. மாத்தவே இல்லியா?" குரல் உடைந்தது. "அண்ணி, இது சூடா இருக்கு."

மால்சுன் திரும்பினாள். முதன்முறையாக. கண்ணாடி வழியே பார்த்தாள்.

நடுத்தரையில் அதே மெத்தை. ஈரத்தில் ஓர் ஆள் படுத்த தடம். தோள். இடுப்பு. மடங்கிய கால். ஆவி எழும்பியது. ஓரங்களில் தண்ணீர் பொங்கித் தரையில் வழிந்தது. அருகே ஓக்ஹீ, வாயைப் பொத்தியபடி.

தலையணையில் ஒரு குழி. ஆழமான குழி.

அது அசைந்தது.

மெதுவாக, மிக மெதுவாக, பால்கனிப் பக்கம் திரும்பியது.