வளைவில் நிறுத்தக் கூடாது

“இது சுற்றுலாவா, டிரைவிங் ஸ்கூலா? சொல்லிடுங்க. நான் இறங்கி நடந்தே வந்துடுறேன்.”

“ஓட்டுறவன்கிட்ட சண்டை போடக் கூடாது. அது முதல் ரூல்.”

“உங்க ரூல்ல நான் வாயைத் திறக்கலாம்னு எதாவது இருக்கா?”

பின்சீட்டில் சித்தி கண்ணை மூடித் தூங்குவதாக நடித்தாள். அக்கம்பக்கத்து வாய்க்குப் பயந்துதான் அவளைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் கல்யாணம். ஒருவனைப் புரிந்துகொள்ள அவனோடு காரில் நாடு முழுக்கச் சுற்றினால் போதும் என்று முன்சீட்டில் இருந்த கல்யாணப்பெண், கணக்கு டீச்சர், நம்பினாள். புரிந்தும்விட்டது. மாப்பிள்ளைக்குத் தெருவில் ‘கைடு’ என்று பெயர். அருவி, கோட்டை, ஏரி என்று எங்கே நிறுத்தினாலும் விளக்கம் சொல்வான். ஓட்டும்போது ஓட்டுவதைப் பற்றி விளக்கம் சொல்வான். அடுத்தவர் பேச்சு மட்டும் அவன் காதில் ஏறாது. கல்யாணத்தை நிறுத்துவதா வேண்டாமா என்பதுதான் இப்போது டீச்சரின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மலை உச்சியில் ஒரு வியூ பாயிண்ட். பகல்தான், ஆனாலும் பனிமூட்டத்தில் பள்ளத்தாக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்றவர் முகமும் தெரியவில்லை. “வெயில் இருந்தா ஏழு மலை தெரியும்” என்று வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கைடு விளக்கினான். கம்பி வேலி ஓரிடத்தில் வெளிப்பக்கமாக வளைந்து கிடந்தது. அதற்கு மட்டும் அவனிடம் விளக்கம் இல்லை.

திரும்பி வந்து கிளம்பியதும் கார் கத்த ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

“பின்னாடி யாரோ பெல்ட் போடல.”

“நான் போட்டிருக்கேனே” என்றாள் சித்தி. “இது பக்கத்து சீட்டு. காலியா கெடக்கு.”

“பை வச்சிருந்தா கத்தும்.”

“பையெல்லாம் டிக்கில இருக்கு, தம்பி.”

சத்தம் நிற்கவில்லை. சித்திக்குத் தலைவலி. காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து, யாரும் இல்லாத மடிக்குக் குறுக்கே மாட்டினாள்.

சத்தம் நின்றது.

நிம்மதி கொஞ்ச நேரம்தான். ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டையாகக் கட்டிவைத்துப் பிரித்தால் வருமே, அந்த வாடை மெல்லப் பரவியது. சித்தி கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

“அம்மாடி,” அவள் குரல் கிசுகிசுத்தது. “இந்த பெல்ட்டு தொங்கல. விறைப்பா நிக்குது.”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பெல்ட், ஒரு மார்பின் மேல் படிந்ததுபோல் முன்னே புடைத்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

அது மெதுவாக ஏறி இறங்கியது.

“எறக்கத்துல ஏறின கியர்லயே எறங்கணும்,” என்றான் கைடு. “கேக்குறியா?”

க்ளிக்.

பின்னால் பெல்ட் தானாகக் கழன்றது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வாடை முன்னால் நகர்ந்தது. டீச்சரின் பெல்ட், இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல், இடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

அவள் மடியில் குளிர்ந்த கனம் ஒன்று உட்கார்ந்தது.

“நிறுத்துங்க.”

“வளைவுல நிறுத்தக் கூடாது.”

“கால் மரத்துப்போகுது. நிறுத்துங்க.”

“அடுத்த வியூ பாயிண்ட்ல நிறுத்துறேன். அடம் பிடிக்காத.”

சித்திதான் தன் பெல்ட்டைக் கழற்றி, முன்னால் பாய்ந்து கை பிரேக்கை இழுத்தாள். கார் தேய்ந்து நின்றது. டீச்சர் தன் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து ரோட்டில் விழுந்தாள். சித்தி அவள் மேல் விழுந்தாள்.

கதவுகள் சாவகாசமாகச் சாத்திக்கொண்டன.

உள்ளே க்ளிக் என்று கேட்டது.

கொஞ்சம் இறங்கியிருந்த கண்ணாடி வழியே கைடின் குரல் வந்தது. “கோபம் போச்சா? சரி. பெல்ட் போட்டுட்டல்ல? சமத்து.” அவன் காலி சீட்டைப் பார்த்துச் சிரித்தான். டீச்சர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். வழக்கம்போல அவன் காதில் ஏறவில்லை. கார் பனிக்குள் போனது.

கல்யாணம் நின்றது. டீச்சர் மறு வருடம் ஒரு நூலகரைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதுதான் அவள் பார்த்த முதல் பொருத்தம். சித்தி ஊரை விட்டுத் தன் மகன் வீட்டுக்கே போய்விட்டாள். கைடு சுற்றுலாவை முழுசாக முடித்துவிட்டுத் திரும்பினான். வழியிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது, பெண்டாட்டி எதிர்த்துப் பேசுவதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே குடிபோனான்.

போன ஞாயிறு எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் நெடுஞ்சாலையில் அந்தக் காரைப் பார்த்திருக்கிறார். கைடு இளைத்துப்போயிருந்தானாம். பக்கத்து சீட்டில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம்: “மெதுவா. இப்ப திருப்பு. ஆங், அவ்வளவுதான்.”

ஸ்டீயரிங்கின் பின்னால் யாரும் இல்லை. கார் அழகாகத் திரும்பியதாம்.