நாடாவின் மறுமுனை

என் பெயர் தர்ஷன். வயது இருபத்திரண்டு. மலைநாட்டுப் பொகவந்தலாவையிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து ஐந்து வாரம். இப்போது ஜெயபுரத்தில், ரோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு வெறுங்காணியின் பின்மூலையில் நிற்கிறேன். இரண்டு கையிலும் வேலை. அதனால் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு வாயால் சொல்கிறேன்; அது எழுதி உங்கள் பத்திரிகைப் பக்கத்துக்கு அனுப்பும், சுமித்திரா அக்கா.

காணி விற்றுக் கொடுக்கும் யோகநாதன் அண்ணனிடம் வேலை பழகுகிறேன். இந்தக் காணியின் நான்கு பக்க அளவும் பொழுதுபடுமுன் அதை வாங்கப்போகும் கனடாக்காரருக்குப் போனால் வேலை நிரந்தரம் என்றார். போகாவிட்டால் நான் மலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஆனால் முப்பது மீற்றர் அளவுநாடாவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நுனியைப் பிடிக்க, மற்றவர் சுருளோடு முன்னே போய், முடிகிற இடத்தில் தடி ஊன்றுவார். பிறகு பின்னவர் அந்தத் தடிக்கு வந்து நுனியை வைத்து, இரண்டு தரம் இழுப்பார். பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

எனக்கு இங்கே கூப்பிட ஒருவரும் இல்லை. வாரம் முழுக்கச் சாப்பாட்டுக் கடையில் சோறு கேட்பது மட்டும்தான் என் பேச்சு. யோகநாதன் அண்ணன் போனில் கேட்டபோது பொய் சொன்னேன்.

“தம்பி, அங்கால ஆர் பிடிக்கிறது?”

“ஒரு அண்ணன் கெடைச்சாருங்க.”

“ஆளை விட்டிடாதை. இந்தப் பத்தைப் புல்லுக்குள்ளை இறங்கிற ஆள் லேசில கிடையாது.”

பின்மூலை எல்லைக்கல்லில் நுனியைக் கட்டிவிட்டு நடந்தேன். ஆள் உயரப் புல். காய்ந்த புல்தாள்கள் கழுத்தில் உரசின, சேறும் பழைய சாணமும் மணத்தன, எங்கோ ஓடிக்கொண்டிருந்த உழவு மெசின் சத்தம் தூரம் போய் அடங்கியது. முப்பதில் தடி ஊன்றினேன். திரும்பிப் போய் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

புல்லில் தொய்ந்து கிடந்த நாடா நிமிர்ந்தது. இரண்டு தரம் இழுபட்டது.

“யாருங்க?”

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, எனக்கு அளவு வேண்டியிருந்தது. “அண்ணே, முன்னுக்கு வாங்க” என்றேன். நடந்தேன். பின்னால் புல்லின் தலைகள் வரிசையாக விலகி வந்து தடியடியில் நின்றன. இரண்டு இழுப்பு.

அக்கா, அப்போது பயத்தைவிடச் சந்தோஷம்தான் கூட. ஐந்து வாரத்தில் எனக்காக ஒருவர் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான்கு பக்கமும் அளந்து முடித்தோம். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

அளவுகளை அனுப்பினேன். யோகநாதன் அண்ணன் உடனே போன் பண்ணினார்.

“கெட்டிக்காரன். வேலை உனக்குத்தான். நாடாவைச் சுத்திக்கொண்டு ரெண்டு பேருமா வாங்கோ.”

சுற்றும்போது பின்னவர் நுனியை விட்டுவிட வேண்டும். நாடா தரையில் இழுபட்டு வரும். இது வரவில்லை.

“விடுங்கண்ணே. முடிஞ்சிருச்சு.”

இரண்டு இழுப்பு.

பிறகு நாடா தொய்ந்தது. தொய்ந்தால் அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இறுகும்வரை சுற்றினேன். இருபத்தாறு மீற்றர். மறுபடி தொய்ந்தது. சுற்றினேன். பத்தொன்பது. கீழே போட்டுவிட்டு ஓடலாம். ஓடினால், எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் ஓட வேண்டும்.

முதுகில் எல்லை வேலியின் முள்கம்பி. வெளிச்சம் போய்விட்டது.

பன்னிரண்டு.

இப்போது புல் விலகவில்லை. ஒரு புல்தாள்கூட அசையவில்லை. நாடா என் கையிலிருந்து கீழே சரிந்து போகிறது. தரையோடு தரையாக.

ஏழு.

மூச்சுச் சத்தம் இல்லை. இழுபடும் சத்தம் மட்டும்.

நான்கு.

இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து ஜெயபுரத்துக்கு ஆள் அனுப்புங்கள். ஒருவரைத் தனியாக அனுப்ப வேண்டாம்.