மூன்றாவது ஜாடி

கடைசல் மெஷின் சுழலும்போதெல்லாம் சபிஹாவுக்கு மேகத்தின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பூவரச மரத்தின் சீவல் சுருள்கள் பூப்பூவாய் அவள் மடியில் விழும்.

அவள் அம்மா கமருன்னிஸா, மஸ்கட்டில் வேலை பார்க்கும் தன் கணவருக்காக, சபிஹாவின் அத்தாவுக்காக, ஜாடி கடைந்துகொண்டிருந்தார். "நம்மூரு மரத்துல ஒரு ஜாடி அனுப்பு" என்று அத்தா கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார்.

இரண்டு ஜாடிகள் வீணாகிவிட்டன. உள்ளே குடையும்போது உளி சுவரைத் துளைத்துவிட்டது. ஒன்றின் ஓட்டை வழியே கோழி தினமும் எட்டிப் பார்க்கிறது.

மிச்சம் ஒரே கட்டை. அதுதான் இப்போது சுழன்றுகொண்டிருந்தது.

அம்மாவின் தம்பி ஷேக் பரீத் மஸ்கட்டுக்குப் புறப்பட்டு, பெட்டியோடு வாசலில் நின்று அக்காவை அவசரப்படுத்தினார்.

"லாத்தா, வண்டி வந்துடும். ஓட்டை ஜாடியையே குடேன். மச்சான் தலையில கவுத்துக்கட்டும், காத்தாவது வரும்."

"சும்மா இருடா! இதை விட்டா நீ மறுபடி போக ரெண்டு வருசம் ஆகும்."

பக்கத்தில் டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. பாட்டில்லை, அத்தாவின் பேச்சு.

"கமரு, நேத்து நானே சோறு ஆக்கினேன். சுவத்துல போஸ்டர் ஒட்டலாம், அப்படி இருந்துச்சு."

நூறாவது தடவையாக அம்மா சிரித்தார். உளி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

சபிஹா கண்ணை மூடியிருந்தாள். அத்தாவின் குரலுக்கு அடியில், தூரத்துத் தேனீபோல ஒரு ரீங்காரம். இதே சத்தம்தானே முன்பு இரண்டு தடவையும் ஓட்டை விழுமுன் வந்தது? அப்போதும் அத்தா பேசிக்கொண்டுதானே இருந்தார்?

அவள் துள்ளி எழுந்து டேப்பை நிறுத்தினாள்.

"ஏண்டி நிறுத்துனே?"

"அத்தா அப்புறமும் பேசுவாங்கம்மா. மரம் இப்ப மட்டும்தான் பேசும்!"

அம்மாவின் முகம் மாறியது. காது கொடுத்தார். ங்ங்ங் என்றது ஜாடி. சட்டென்று உளியை வெளியே இழுத்து, மெஷினை நிறுத்தி, விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"தோசை கனம்தான்டி இருக்கு! இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தா போயிருக்கும்."

பிறகு அதே கட்டையின் மிச்சத் துண்டில் மூடியைக் கடையும்போது எல்லோரும் மரத்தின் சத்தத்தையே கேட்டார்கள். பரீத் மாமாகூட இருமலை அடக்கிக்கொண்டார்.

தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. அம்மா ஜாடியைத் துணியில் சுற்றப்போனார்.

"ஒரு நிமிசம்மா."

சபிஹா ஜாடிக்குள் வாயை வைத்து, "அத்தா" என்று கூப்பிட்டாள். குரல் உள்ளே வழவழவென்று ஒரு சுற்றுச் சுற்றியது. அது வெளியே ஓடிவிடுவதற்குள் படக்கென்று மூடியைப் போட்டாள்.

"மாமா, வழியில திறந்துடாதீங்க."