அணையாத பகல்

மறுபடியும் காலைச் சாப்பாடே வந்தது. கதவின் அடித்திறப்பு வழியாக ரொட்டியும் அவித்த முட்டையும். இடையில் விளக்கு அணையவே இல்லை. அவன் தூங்கவும் இல்லை.

ஜன்னலற்ற அந்த அறையில் பகல் என்பது கூரை விளக்குதான். அதன் வெள்ளை வெளிச்சம் மூடிய இமைகளுக்குள்ளும் ஊறி, மருந்து நெடியோடும் காற்றுக்குழாயின் ஓயாத இரைச்சலோடும் கலந்து, மண்டைக்குள் மாவரைத்துக்கொண்டிருந்தது. தூக்கம் கெட்டால் உடம்பு கிருமியை எப்படி எதிர்க்கிறது என்று பார்க்கும் ஆய்வு. மூக்கில் கிருமிச் சொட்டு விட்டிருந்தார்கள். வெறும் சளிதான் என்றார் டாக்டரம்மா. உடம்புக்குள் இருக்கும் காவல்காரர்களுக்கும் ஷிஃப்ட் உண்டாம். பொழுது குழம்பினால் வாசலில் ஆளிருக்காதாம்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் வந்திருந்தான். வீட்டில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல் எல்லோரையும் விட்டுப்போனது. மாதக்கணக்கில் நைட் டியூட்டி பார்த்த அவன் மனைவியை மட்டும் கொண்டுபோனது.

இப்போது அவன் உடம்பும் கொதித்தது. தொண்டையில் முள். தூங்கினால் பிழைக்கலாம். முகத்தை மூடிக்கொள்வான் என்று போர்வையைக்கூட எடுத்துப் போயிருந்தார்கள்.

கதவில் முகமளவு கண்ணாடி. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். காவலுக்கு இருந்த பணியாளரை எல்லோரும் ஆந்தை என்பார்கள். அவன் அண்ணே என்பான். மணி என்ன என்பது அறைக்குள் கசியக்கூடாது என்று பணியாளர்களும் கடிகாரத்தையும் போனையும் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். தாழ்வாரத்து ஜன்னல்களையும் அடைத்திருந்தார்கள்.

"அண்ணே, விளக்க அணைங்க. முடியல."

சுவர் ஒலிபெருக்கி கரகரத்தது. அவரை மாற்றிவிட வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். அடுத்தவனும் வரவில்லையாம். டாக்டரம்மாவையும் காணோமாம்.

"ஆந்தைக்கே கண்ணு கட்டுது தம்பி," என்று சிரிக்கப் பார்த்து இருமினார். பிறகு, தணிந்த குரலில்: "ராத்திரி வந்துச்சா, போயிடுச்சான்னு எனக்கே தெரியல. தப்பான நேரத்துல அணைச்சா மொத்தமும் வீணுன்னு சொல்லியிருக்காங்க."

"கதவையாவது தொறங்க. செத்துருவேன்ணே."

பிறகு செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை. சுவரைத் தடவும் கை. நின்றது. மீண்டும் வந்தது.

கண்ணாடியில் அவர் முகம். நெற்றி அதில் சாய்ந்தது. தாழ்ப்பாள் உரசியது. பாதி வரை.

அதற்கு மேல் அசையவில்லை.

அவன் கதவைத் தட்டினான். கத்தினான். கண்ணாடியில் அவர் மூச்சு வட்டமாகப் படிந்தது. உள்ளங்கையளவு. பிறகு காசளவு. பிறகு வெறும் கண்ணாடி.

கண்கள் மட்டும் மூடவில்லை. அவனையே பார்த்தன. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் அவற்றில் விழுந்துகொண்டிருந்தது.